ஆங்கிலத்துக்கு முன்பே வந்த நத்தார்

கொழும்பிலிருந்து வடக்கே களனி கங்கையைத் தாண்டி, வத்தளையில் கடற்பக்கமாகத் திரும்பினால் வருவது ஹெந்தளை. பிரித்தானியர் 1802க்கும் 1804க்கும் இடையில் வெட்டிய ஹமில்டன் வாய்க்கால் ஊரின் ஊடே ஓடுகிறது. ஒல்லாந்தர் 1708இல் நிறுவிய தொழுநோய் வைத்தியசாலை இருப்பதும் இங்கேதான். கரையோரம் கத்தோலிக்கர் செறிந்து வாழும் பகுதி. இங்கேயும், தெற்கே கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைத் தெருக்களிலும், சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் முன்பள்ளிகளுக்குக் குறைவில்லை. டிசம்பர் பிறந்தால் அவற்றின் சுவர்களில் பஞ்சில் செய்த பனிமனிதன் ஏறிவிடுவான். கலைமான் வண்டி, கம்பளித் தொப்பி, புகைபோக்கி எல்லாம் பின்னால் வரும். ஆங்கிலம் என்றால் நத்தாரும் அதோடு ஒட்டிக்கொண்டு வரும் என்ற நம்பிக்கைதான் இதற்கெல்லாம் அடிப்படை. கடல் கடந்து வந்த வெள்ளைக்கார ஆசிரியர்கள் மொழியையும் பண்டிகையையும் ஒரே பெட்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள் என்று எண்ணுகிறோம். நத்தாரை வகுப்பில் கொண்டாட வேண்டும் என்பவர்களும் அதை எடுத்துவிட வேண்டும் என்பவர்களும் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். வரலாறு அவர்களோடு ஒத்துப்போகவில்லை. இந்தக் கரைக்கு நத்தார் வந்தது ஆங்கிலம் வருவதற்கு ஏறக்குறைய இரண்டரை நூற்றாண்டுக்கு முன்பு. தமிழ்ப் பிள்ளைகளுக்கு முதன்முதலில் பெரிய அளவில் ஆங்கிலம் கற்பித்த வெளிநாட்டாரோ, நத்தாரைக் கொண்டாடாத ஒரு மரபிலிருந்து வந்தவர்கள்.

முதலில் பண்டிகை வந்த வழியைப் பார்ப்போம். எதிர்க்கரையான தமிழகத்து முத்துக்குளித்துறைப் பரதவர் 1536, 1537 ஆண்டுகளில் திருமுழுக்குப் பெற்றார்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் அந்தக் கரைக்கு வந்தார். 1543இல் பிரான்சிஸ்கன் குருமார் கோட்டை இராச்சியத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டே மன்னாரில் புதிதாக மதம் மாறியவர்களை யாழ்ப்பாண மன்னன் சங்கிலி கொன்றான். அந்த அளவுக்கு வேகமாகக் கத்தோலிக்கம் பரவியிருந்தது. 1578இல் இயேசு சபைக் குரு என்றீக்கே என்றீக்கசின் தம்பிரான் வணக்கம் தமிழில் அச்சேறியது. 1586இல் அவருடைய அடியார் வரலாறும் வந்துவிட்டது. தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் சந்தியோகுமையோர் அம்மானையைப் பாடியது 1647இல். அதாவது ஓர் ஆங்கில அரிச்சுவடிகூட இத்தீவில் கால் வைக்காத காலத்திலேயே, திருநாள்களும் புனிதர் கதைகளும் அம்மானை ஓசையில் தமிழ்க் காதுகளுக்குப் பழகிவிட்டன. நத்தார்க் கதையும் நாடகமாகவே கரையேறியது. மன்னார்ப் பக்கம் மூவிராசாக்கள் வாசாப்பு. சிலாபம், நீர்கொழும்புக் கரையில் அதே மூன்று அரசர் கதை சிங்கள நாடகமாக. சிங்களத்தின் அந்த 'நாடகம' என்ற கலைவடிவமே தமிழ்க் கூத்திலிருந்து பிறந்தது என்பது சிங்கள நாடக அறிஞர் சரச்சந்திராவின் ஆய்வு. கீழைத்தேசத்து அரசர் மூவர் கட்டியகாரன் முன்னே வர அரங்கேறிப் பாலனைத் தேடிப் போவதை, மத்தளம் முழங்க விடியவிடியப் பார்த்த சமூகம் இது. இன்னொரு காரணமும் உண்டு, அதை யாரும் அதிகம் சொல்வதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று அடங்கியபின், ஒக்டோபர் தொடங்கி ஏப்ரல் வரைதான் மேற்குக் கரை மீனவருக்குக் கடல் படியும் காலம். மீன் படும், கையில் காசு புழங்கும், புதுத் துணி வாங்க வசதி வரும் மாதம் டிசம்பர். இறக்குமதியான ஒரு பண்டிகை உள்ளூர்க் கடலின் நாட்காட்டியோடு இவ்வளவு பொருந்தி வந்தது தற்செயல்தான். ஆனால் வேர்விட அந்தத் தற்செயல் போதுமாயிருந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும். போர்த்துக்கேயர் கொண்டுவந்ததும் அந்நியத் திணிப்புத்தானே, அதை மண்ணுக்குரியது என்று எப்படிச் சொல்லலாம்? நியாயமான கேள்வி. பீரங்கியின் நிழலில் நடந்த மதமாற்றங்கள் உண்டு. வணிகச் சலுகைக்காகவும் பாதுகாப்புக்காகவும் நடந்தவையும் உண்டு. ஆனால் பீரங்கி போனபின் என்ன மிஞ்சியது என்பதுதான் சோதனை. ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. கத்தோலிக்கக் குருவுக்கு வீட்டில் இடம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமானது. பதவியும் பத்திரப் பதிவும் வேண்டுமென்றால் ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபைக்குப் போகவேண்டும். அரச ஆதரவால் மட்டும் நின்ற பண்டிகை என்றால் அந்த இரண்டு தலைமுறையில் அது உதிர்ந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. கோவாவிலிருந்து 1687இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்த ஜோசே வாஸ் தமிழ் கற்றுக்கொண்டு, சில்லாலையை மையமாக வைத்து, இரவில் வீடு வீடாகப் பூசை வைத்தார். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் வழிபாட்டுக்குக் கூடியிருந்தவர்களை ஒல்லாந்தப் படையினர் வளைத்துப் பலரைப் பிடித்துச் சென்றார்கள். வாஸ் தப்பினார், பிடிபட்டவர்கள் கொடிய தண்டனைக்கு ஆளானார்கள். பாதிரியார் அரிதாகவே கிடைத்த நாட்டில், தண்டனை தெரிந்திருந்தும், நள்ளிரவில் ஒரு வீட்டில் கூடும் அளவுக்கு அந்தப் பண்டிகை அவர்களுடையதாகிவிட்டிருந்தது. 1705இல் வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் பாதிரியார் சிங்களத்திலும் தமிழிலும் எழுதிக் குவித்து, 1742இல் நீர்கொழும்புக்கு வடக்கே போலவத்தையில் மறைந்தார். பிரித்தானிய ஆளுநர் மெயிட்லண்ட் 1806இல் கத்தோலிக்கர் மீதான தடைகளை நீக்கியபோது, நத்தாரைப் புதிதாக யாரும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. பின்கட்டிலிருந்து முன்வாசலுக்கு எடுத்து வைத்தார்கள், அவ்வளவுதான்.

இனி ஆங்கிலத்துக்கு வருவோம். இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்த வரலாற்றில் முதல் பெரிய பெயர் அமெரிக்க மிஷன். 1816 முதல் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் குடியேறிய அவர்கள், 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியையும் 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலையையும் தொடங்கினார்கள். செமினரியில் கணிதம், வானியல், தத்துவம் ஆகியவை ஆங்கிலத்தில் நடந்தன. இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட் அதை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிடத் தயங்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் அங்கே பயின்றவர்கள். ஆனால் அந்த ஆசிரியர்கள் எங்கிருந்து வந்தார்கள்? செமினரியின் முதல் தலைவர் டானியல் பூவர் மசாசுசெட்சைச் சேர்ந்தவர். மைரன் வின்ஸ்லோ வெர்மாண்ட்காரர், லீவை ஸ்பால்டிங் நியூ ஹாம்ப்ஷயர்காரர். நியூ இங்கிலாந்தின் பியூரிட்டன் வழிவந்த காங்கிரிகேஷனல் சபையினர் இவர்கள். விவிலியத்தில் தேதி இல்லாத ஒரு திருநாளைக் கொண்டாடுவது அந்த மரபில் ஏற்கத்தக்கதன்று. மசாசுசெட்ஸ் குடியேற்றம் 1659இல் நத்தார் கொண்டாடுவோருக்கு ஐந்து சில்லிங் அபராதம் விதித்தது; அந்தச் சட்டம் 1681இல் போனது, மனப்பாங்கு போகவில்லை. அந்த மாநிலத்தில் டிசம்பர் 25 சட்டப்படி விடுமுறை நாளானது 1856இல். வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது 1855இல். அதன் முழு ஆயுள்காலத்திலும் அதன் முதல் தலைவரின் சொந்த மாநிலத்தில் நத்தார் சட்டப்படி ஒரு வேலை நாள். செமினரி பிள்ளைகளுக்கு அமெரிக்கக் கொடையாளரின் பெயர்களை வைத்தார்கள்; கறல், ஆர்னோல்ட், நெவின்ஸ் என்று அவை தமிழ்ப் பெயர்களோடு ஒட்டி நிலைத்தன. நியூட்டனைக் கொடுத்தார்கள், அச்சியந்திரத்தைக் கொடுத்தார்கள், 1841இல் ஆங்கிலமும் தமிழும் கலந்து உதயதாரகை என்ற பத்திரிகையையும் கொடுத்தார்கள். பரிசுப் பொதியோடு வரும் நத்தார் தாத்தாவை மட்டும் அவர்களிடம் எதிர்பார்க்க வழியில்லை. இந்தத் தீவில் ஆங்கிலம் மிக ஆழமாகக் கற்பிக்கப்பட்ட ஓரிடத்தில், கற்பித்தவர்களின் மரபு நத்தாருக்கு வெளியே நின்றது என்பதை நாம் வசதியாக மறந்துவிட்டோம்.

அப்படியானால் பனிமனிதன் எப்போது வந்தான்? அவன் நாம் நினைப்பதைவிட இளையவன். டிக்கன்சின் நத்தார்க் கதையும் முதல் அச்சிட்ட வாழ்த்து அட்டையும் 1843இல் வந்தவை. விக்டோரியா அரசியின் குடும்பம் அலங்கரித்த மரத்தைச் சுற்றி நிற்கும் படம் லண்டன் பத்திரிகையில் வெளியானது 1848இல். அமெரிக்க ஓவியர் தாமஸ் நாஸ்ட் நத்தார் தாத்தாவுக்கு உருவம் கொடுக்கத் தொடங்கியது 1863இல். இன்று நாம் காணும் சிவந்த கன்னத்துக் கிழவரை உலகெங்கும் பரப்பியவை 1931 முதல் வந்த கொக்கா கோலா விளம்பரங்கள். பழைய ஆங்கிலேயர் மரபு என்று நாம் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதில் பெரும்பகுதி, கொட்டாஞ்சேனையின் கத்தோலிக்கக் குடும்பங்களைவிட வயதில் மிகக் குறைந்தது. பேரரசு முழுவதும் புழங்கிய ராயல் ரீடர் போன்ற வாசிப்புப் புத்தகங்கள், 1880 முதல் இங்கே நடந்த கேம்பிரிட்ஜ் தேர்வுகள், கப்பலில் வந்த வாழ்த்து அட்டைகள் ஆகிய இவற்றின் வழியாகத்தான் உறைபனி நம் வகுப்பறைக்குள் நுழைந்தது.

கொட்டாஞ்சேனைப் பாடசாலைகளின் கதை இதில் சுவையான ஒரு திருப்பம். 1865இல் புனித ஆசீர்வாதப்பர் கல்லூரி, 1869இல் நல்லாயன் கன்னியர் மடத்துப் பாடசாலை. பின்னாளில் இந்தக் கத்தோலிக்கக் கல்விக்கு வடிவம் கொடுத்த அமலமரித் தியாகிகள் சபையில் பிரெஞ்சுக்காரர்களே முன்னணியில் நின்றார்கள். 1886இல் கொழும்பின் முதல் பேராயரான பொன்ஜீன் ஆண்டகை பிரெஞ்சுக்காரர்; யாழ்ப்பாணத்தில் பல காலம் பணியாற்றியவர். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க ஏற்பாடு செய்தவர்களுக்கே ஆங்கிலம் பிற மொழி. லண்டன் நத்தார் அவர்கள் நினைவிலும் இல்லை. அவர்கள் கொண்டாடியது பாலன் குடிலையும் நள்ளிரவுப் பூசையையும். அந்த இரண்டும் கரையோரத்துக்கு ஏற்கெனவே தெரிந்தவை. அரச ஏற்பாடும் ஆங்கிலத்தையும் நத்தாரையும் பிரித்தே வைத்தது. 1865இல் அமைந்த மோர்கன் குழுவின் பரிந்துரைப்படி 1869இல் பொதுக் கல்வித் திணைக்களம் உருவாகி, மதப் பாடசாலைகளுக்கு உதவிப்பணம் கிடைக்கத் தொடங்கியபோது, பணம் மதம் சாராத பாடங்களின் தேர்ச்சிக்குத்தான். ஆங்கிலத்துக்கு அரசு காசு கொடுத்தது. நத்தாருக்கு ஊர் காசு கொடுத்தது. அந்த ஊர்க் காசு எதில் போனது என்பதற்கு ரிச் கேக் என்ற நத்தார்க் கேக்கே சாட்சி. ஆங்கிலேயர் கேக்கில் கோதுமை மா. இங்கே வறுத்த ரவை. அவர்களுடைய பாதாமுக்குப் பதில் கஜு. அதோடு பூசணித் தோசி, இஞ்சித் தோசி, சௌசௌ, பன்னீர், ஏலம், கறுவா. பழங்களைப் பொடிப்பொடியாக வெட்டி நவம்பரிலேயே பிராந்தியில் ஊறப்போட்டுவிடுவார்கள். சுட்ட கேக்கைப் பெருவிரல் நீளத்துக்கு வெட்டி, எண்ணெய்த்தாளில் பொதிந்து, அதன்மேல் வண்ணக் கண்ணாடித்தாள் சுற்றி, அயல்வீட்டு இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பௌத்தர்களுக்கும் கொடுத்தனுப்புவது வழக்கம். முஸ்லிம் வீடுகளுக்கென்று பிராந்தி சேர்க்காத கேக் தனியே போகும் வீடுகளும் உண்டு. பறங்கியரின் புரூடர், கொக்கிஸ், தமிழ்ப் பலகாரம் எல்லாம் அதே மேசையில். எந்த ஆங்கிலப் பாடநூலிலும் இல்லாத நத்தார் இது.

இவ்வளவும் சரி, மிஷன் பாடசாலைகள் பண்டிகையைக் காட்டிப் பிள்ளை பிடிக்கவில்லையா என்று கேட்பார்கள். பிடித்தன. பரிசும் இனிப்பும் புது உடுப்பும் கொடுத்துப் பாடசாலைக்கும் சபைக்கும் ஆள் சேர்த்ததை மறைக்கவேண்டிய தேவை இல்லை. வெஸ்லியன் மிஷனரி பீற்றர் பேர்சிவலுடன் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலரே அந்த அமைப்பை உள்ளிருந்து பார்த்தவர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும், பால பாடங்களை எழுதியதும் அந்த அனுபவத்தின் விளைவே. ஆனால் நாவலர் செய்ததைக் கூர்ந்து பார்க்கவேண்டும். அவர் ஆங்கிலத்தை வெறுக்கவில்லை. 1872இல் சைவப் பிள்ளைகளுக்காக ஓர் ஆங்கிலப் பாடசாலையே தொடங்கினார். பணமின்றி அது நீடிக்காமல் போனது வேறு கதை. 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி அந்த இடத்தை நிரப்பியது. மொழி வேறு, மதம் வேறு என்று பிரித்துக் காட்டியவர் அவர். கொழும்பிலும் அதுவே நடந்தது. 1883 உயிர்த்த ஞாயிறன்று கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலமொன்று கத்தோலிக்கரோடு மோதிக் கலவரமானது. அதன் பின்விளைவாக 1885இல் வெசாக் பொது விடுமுறையானது. அதே ஆண்டு கொட்டாஞ்சேனை தீபதுத்தாராமய விகாரையில் பௌத்தக் கொடி முதன்முதலாக ஏற்றப்பட்டது. பௌத்த மறுமலர்ச்சிக்காரர்கள் நத்தாரைத் தடைசெய்யக் கோரவில்லை. வாழ்த்து அட்டை, பக்திப் பாடல் குழு, தெருவெங்கும் ஒளிக்கூடு என்று அதன் வெளிவடிவங்களில் பலவற்றை எடுத்துத் தங்கள் திருநாளுக்கு ஏற்றிக்கொண்டார்கள். அவர்களுடைய சண்டை ஓர் ஊரில் தெரு யாருக்குச் சொந்தம் என்பது பற்றியது. ஆங்கில வகுப்பு அந்தச் சண்டையில் கட்சிக்காரர் அல்ல.

அடுத்த மறுப்பு ஆசிரியர்களுடையது. மொழியைப் பண்பாட்டிலிருந்து உரித்தெடுக்க முடியாது, பனியும் புகைபோக்கியும் தெரியாமல் ஆங்கிலக் கதை எப்படிப் புரியும் என்பார்கள். பெரிய வகுப்புக்கு இந்த வாதம் பொருந்தும். டிக்கன்ஸ் படிக்கும் மாணவிக்கு லண்டன் குளிர் தெரிந்திருக்க வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பொருந்தாது. அந்த வயதில் பிள்ளை கற்பது தனக்குத் தெரிந்த பொருளுக்குப் புதுப் பெயர். தெரியாத பொருளுக்குப் புரியாத பெயரைக் கற்பித்தால் கிளிப்பாடம் கிடைக்கும். எல்லா முன்பள்ளிகளிலும் பாடப்படும் ஜிங்கிள் பெல்ஸ் 1857இல் அச்சான பாட்டு; அதில் நத்தார் பற்றி ஒரு சொல் கிடையாது. ஒற்றைக் குதிரை பூட்டிய பனிச்சறுக்கு வண்டியில் உல்லாசமாகப் போவதைப் பற்றிய பாட்டு அது. அதை ஹெந்தளையில் நத்தார்ப் பாட்டாகப் பாடுவதில் தப்பில்லை, மெட்டு நல்ல மெட்டு. அதைப் பாடினால் ஆங்கிலப் பண்பாடு தெரிந்துவிட்டது என்று நினைப்பதுதான் வேடிக்கை. மொழிக்கும் இந்தப் பண்டிகைக்கும் பிரிக்கமுடியாத கட்டு இல்லை என்பதற்கு அண்டை நாடே சான்று. மாலைதீவில் 1960களில் ஆங்கிலவழிக் கல்வி தொடங்கியபோது, கொழும்பிலிருந்து போன ஆசிரியர்கள்தான் அதைத் தாங்கினார்கள். இலங்கை ஆசிரியர்கள் பிறகும் பல காலம் அங்கே போய்வந்தார்கள். இஸ்லாம் அரச மதமாக உள்ள அந்த நாட்டில் நத்தார் பாடம் வகுப்பறைக்குள் வராது. ஆங்கிலம் வந்தது, நன்றாகவே வந்தது. இங்கிலாந்திலிருந்து உலகச் சந்தைக்குப் பாடநூல் அச்சிடும் பெரிய பதிப்பகங்களும் விற்பனை கெடாமலிருக்க மதத்தைக் கூடியவரை தவிர்த்தே எழுதுகின்றன. ஆங்கிலத்தை விற்பவர்களே நத்தாரைக் கழற்றி வைத்துவிட்டு விற்கும்போது, வாங்குபவர்கள் அதைக் கேட்டு வாங்கி ஒட்டிக்கொள்வது ஏன் என்பது எனக்கு விளங்கவில்லை.

ஆனால் பதிப்பகங்களின் வழி கொழும்புக்கு ஆகாது. மாலைதீவில் இல்லாத ஒன்று இங்கே கண்முன் இருக்கிறது. மூன்றாம் தவணை முடியும் நாட்களில் தமிழ்ப் பாடசாலைகளிலும் முன்பள்ளிகளிலும் ஒளிவிழா என்ற நத்தார் விழா நடக்கும். மரியாளாக ஒரு சைவப் பிள்ளை, சூசையப்பராக இன்னொன்று, சால்வையைத் தலைப்பாகையாகக் கட்டிய இடையர்கள், அட்டைக் கிரீடம் வைத்த மூன்று அரசர். அத்தனையும் தமிழில். அரச பாடசாலையில் அவரவர் மதம் அவரவருக்குத் தனிப் பாடம், ஒளிவிழாவோ எல்லாருக்கும். அது முடிந்து பத்து நாளில் அதே பிள்ளைகளை ஆங்கில வகுப்பில் உட்காரவைத்து, பனிமனிதனுக்குக் கறட்டில் மூக்கு வைக்கச் சொல்வது, அவர்களுக்குத் தெரிந்த நத்தாரை மறைத்துவைத்துவிட்டுத் தெரியாததைக் கொடுப்பதாகும். கேட்கவேண்டியது வேறு கேள்விகள். குடிலுக்கு வைக்கோல் எங்கிருந்து வந்தது, நட்சத்திரக்கூட்டுக்கு மூங்கிலை எப்படிப் பிளந்தார்கள், பட்டாசு கொளுத்தியது யார், கேக் எத்தனை வீட்டுக்குப் போனது? சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் ஐந்து வயதுப் பிள்ளை பதில் சொல்லக்கூடிய கேள்விகள் இவை. வகுப்பில் நத்தார் கொண்டாடாத வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்களே என்றால், அதுவே வசதி. வெளியூரிலிருந்து வந்த ஆசிரியர் அவர்களுக்கு நத்தாரை விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை. அந்த வேலையைப் பக்கத்து வாங்கில் இருக்கும் பிள்ளையிடம் கொடுக்கலாம், ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு.